பத்து மில்லி திரும்பி வந்த கதை

எங்கள் ஊரில் ஆகஸ்டு மாதம் எல்லார் மேலும் மீன் வாடை அடிக்கும். எவ்வளவு சோப்புப் போட்டாலும் போகாது. பாதிரியார் கை குலுக்கினாலும் மீன்தான், தபால் நிலையத்தில் கடிதம் நீட்டும் பெண்ணின் விரலிலும் மீன்தான். வெளியூர்க்காரர்கள் மூக்கைச் சுளிப்பார்கள். நாங்கள் அதைக் கவனிப்பதே இல்லை. கரடிகள் கவனிக்கும்.

ராய்ஸ் பெட்டிங்கில் எப்படிச் செத்தான் என்று கேட்டீர்கள், மேடம். சொல்கிறேன். மறைக்க எனக்கு ஒன்றும் இல்லை. ஆனால் அதற்கு முன்னால் பத்து மில்லியைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். அதை விட்டுவிட்டு இதை மட்டும் சொன்னால், நான் ஏதோ பொறாமைக்காரன் என்று நீங்கள் நினைத்துவிடுவீர்கள். எனக்கு ராய்ஸ் மேல் பொறாமை இருந்ததே இல்லை.

பத்து மில்லிமீட்டர் தோட்டா. நாங்கள் சுருக்கமாகப் பத்து மில்லி என்போம். போலீஸ்காரரான உங்கள் இடுப்பில் இருக்கிற துப்பாக்கியும் அதுதான் என்று நினைக்கிறேன். இன்று அலாஸ்காவில் காட்டுக்குள் கால் வைக்கிறவர்கள் பாதிப் பேர் இடுப்பில் அது இருக்கிறது. ஒரு காலத்தில் அதற்குத் தோட்டா கேட்டால் கடைக்காரர்கள் சிரிப்பார்கள். உங்களுக்கு வயது குறைவு, அதெல்லாம் தெரிந்திருக்க வாய்ப்பில்லை.

அப்போது நான் கீழே ஆரிகன் மாநிலத்தில் ஒரு சின்ன நகரத்துப் போலீஸில் சுடும் பயிற்சி கொடுத்துக்கொண்டிருந்தேன். தெற்கே எங்கோ ஒரு சண்டையில் மத்தியப் போலீஸார் சிலர் செத்துப்போயிருந்தார்கள். எதிராளி மேல் குண்டு பட்டும் அவன் விழாமல் சுட்டுக்கொண்டே இருந்தான். ஒன்பது மில்லிக் குண்டு போக வேண்டிய ஆழத்துக்குப் போகவில்லை என்று நாடெங்கும் பேச்சு. அந்தச் சமயத்தில்தான் பத்து மில்லிக்கு நேரம் வந்தது. கனமான குண்டு, வேகமும் அதிகம், எலும்பைக் கண்டு திரும்பாது. எங்கள் துறையும் வாங்கியது. வாங்கச் சொன்னது நான்.

சுடும்போது கையைப் பின்னால் தள்ளுகிற உதை அதற்கு அதிகம். அதை நான் எப்போதும் ஒப்புக்கொண்டிருக்கிறேன். பழகினால் பழகிவிடும். ஆனால் யாருக்கும் பழகப் பொறுமை இல்லை. மணிக்கட்டு வலிக்கிறது என்றார்கள், கை சின்னது என்றார்கள். பிறகு அதே தோட்டாவைக் குட்டையாக்கி, பலத்தையும் குறைத்து, வேறு பெயர் வைத்து விற்றார்கள். கடைசியில் அதுவும் வேண்டாம் என்று பழையபடி ஒன்பது மில்லிக்கே போனார்கள். எங்கள் தலைவர் ஒரு கூட்டத்தில், நான் பேசிக்கொண்டிருக்கும்போதே, கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னார்:

"வெர்ன், போதும்ப்பா. அந்த ஒதைக்கற கழுதைங்கள எல்லாம் வித்துத் தள்ளிருவோம்."

நான் வேலையை விட்டேன். விற்றுத் தள்ளிய கழுதைகளில் பாதியை நானே வாங்கிக்கொண்டு அலாஸ்காவுக்கு வந்து, கீனாய் தீபகற்பத்தில் பெல்லோஸ் க்ரீக் என்கிற இந்த ஊரில் கடை வைத்தேன். கரடி உள்ள நாட்டில் இதன் அருமை தெரியும் என்று நம்பினேன். என் மனைவி கொஞ்ச நாள் இருந்துவிட்டு, இருட்டு ஒத்துக்கொள்ளவில்லை என்று கிளம்பிப் போனாள்.

ராய்ஸ் நல்லவன். அதையும் எழுதிக்கொள்ளுங்கள். நான் கடைக்குக் கூரை போட்டுக்கொண்டிருந்தபோது, கேட்காமலே ஏணியில் ஏறிவந்து தகரத்தின் மறுமுனையைப் பிடித்தவன். சின்ன விமானங்களுக்கு இன்ஜின் பார்ப்பது அவன் தொழில். மனைவியைப் புற்றுநோய்க்குக் கொடுத்துவிட்டு கோரின் என்கிற ஒரே மகளைத் தனியாக வளர்த்தான். அந்தப் பெண் என்னை மாமா என்றுதான் கூப்பிடும். குளிர்காலத்தில் அவன் வீட்டு மூஸ் மான் கறி என் வீட்டில் இருக்கும், என் வீட்டு விறகு அவன் வீட்டில் எரியும்.

ஒரே ஒரு விஷயம்தான். சனிக்கிழமை காலையில் என் கடை அடுப்பைச் சுற்றி ஊர்க்காரர்கள் காபியோடு உட்கார்வார்கள். யாராவது புதிதாக வந்தவன் கரடிக்கு எந்தத் துப்பாக்கி நல்லது என்று கேட்பான். நான் பத்து மில்லித் துப்பாக்கிகள் இருக்கிற கண்ணாடிப் பெட்டியைத் திறப்பேன். ராய்ஸ் ஆரம்பித்துவிடுவான்.

"தம்பி, அவன்கிட்ட கேக்காத. அந்தக் கழுதை ரொம்ப வருசமா லாயத்துலயே நிக்குது. அத வாங்கிட்டுப் போனீன்னா கரடி வர்றதுக்கு முன்னாடியே உன் கை உடைஞ்சிரும். கரடி பாத்துட்டு, பாவம்னு விட்டுட்டுப் போயிரும்."

எல்லாரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன்.

"சுடத் தெரியாதவன் சொல்ற சாக்குடா அது," என்பேன்.

"ஆமாடா, இந்த ஊர்ல யாருக்குமே சுடத் தெரியாது. உனக்கும் உன் கழுதைக்கும் மட்டுந்தான் தெரியும். உன் பொண்டாட்டியும் இந்த உதையத் தாங்க முடியாமத்தான போனா?"

அவன் என் மனைவியை இழுத்த அன்றைக்கு, அடுப்பைச் சுற்றி உட்கார்ந்திருந்தவர்களில் இரண்டு பேர் சிரிக்கவில்லை. காபிக் கோப்பைக்குள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சிரித்தவர்களை நான் அப்போதே மறந்துவிட்டேன். அந்த இரண்டு பேரைத்தான் மறக்க முடியவில்லை.

பிறகு ஊர் மண்டபத்துக் கூட்டம். அந்த வருடம் மீன் பதனிடும் ஆலைக்குப் புதிதாக நிறையப் பெண்கள் வந்திருந்தார்கள். கரடியிடம் மாட்டாமல் இருப்பது எப்படி என்று அவர்களுக்குச் சொல்லிக்கொடுக்க ஒரு கூட்டம் போட்டார்கள். ஊரில் துப்பாக்கிக் கடை வைத்திருப்பவன் நான். அழைத்தது ராய்ஸை. அவன் நன்றாகத்தான் பேசினான். சத்தம் போட்டுக்கொண்டே நட, செத்த விலங்கு கிடந்தால் கிட்டே போகாதே, முதலில் மிளகாய்க் காரம் பீச்சுகிற கரடி ஸ்ப்ரேயை எடு, துப்பாக்கி அதற்குப் பிறகுதான் என்றான். எந்தத் துப்பாக்கி என்று ஒரு பெண் கேட்டாள்.

"உன் கைக்கு அடங்குறது எதுவோ அது. கெட்டிக் குண்டு போட்ட ஒம்போது மில்லி தாராளமாப் போதும். பெரிய துப்பாக்கிய வச்சு மரத்தச் சுடறதுக்கு, சின்னத வச்சுக் கரடியச் சுடலாம்ல? பின்னாடி நிக்கிறாரே வெர்ன், அவரு பத்து மில்லியத் தூக்கிட்டு வந்தாருன்னா, எனக்குக் கரடியப் பாத்துகூட பயம் இல்ல. அவரப் பாத்தாத்தான் பயம்."

மண்டபம் முழுக்கத் திரும்பி என்னைப் பார்த்துச் சிரித்தது. ரப்பர் பூட்ஸ் போட்ட ஒரு சின்னப் பெண் காபியை மடியில் கொட்டிக்கொள்ளும் அளவுக்குச் சிரித்தாள். நான் கையை உயர்த்திக் காட்டினேன். விளையாட்டாக எடுத்துக்கொண்டேன் என்பதற்கு அடையாளமாக.

எனக்குக் கோபம் வரவில்லை, மேடம். கவலைதான் வந்தது. அந்தப் பெண்கள் அவன் பேச்சை நம்பி ஒன்பது மில்லியோடு காட்டுக்குள் போவார்கள். ஒரு பொய் ஊரில் பரவுகிறது. அதை யாராவது நிறுத்த வேண்டும். வாயால் சொல்லி நிறுத்த முடியாது என்பதைத்தான் நான் ஆரிகனிலேயே பார்த்துவிட்டேனே. கண்ணால் பார்த்தால்தான் மனிதர்கள் நம்புவார்கள்.

ஜூலைக் கடைசியில் பெர்ரி பறிக்க ஓடையின் மேல் வளைவுக்குப் போனேன். அங்கே ஆல்டர் புதர்கள் ஆள் உயரத்துக்கு மேல் அடர்ந்திருக்கும். புதருக்கு இந்தப் பக்கம் மண்ணும் பாசியும் புல்லுமாக ஒரு குவியல். அதிலிருந்து மூஸ் மானின் கால் ஒன்று நீட்டிக்கொண்டிருந்தது. மேலே அண்டங்காக்கைகள். கரடி தன் சாப்பாட்டை மூடி வைத்திருக்கிறது என்று உங்களுக்குத் தெரியும். அப்படி வைத்தால் அது தூரமாகப் போகாது. பக்கத்திலேயே படுத்திருக்கும். நான் சத்தமில்லாமல் திரும்பினேன்.

பாதை ஆரம்பிக்கிற இடத்தில் யாரோ எனக்கு முன்பே பார்த்துவிட்டு ஒரு எச்சரிக்கை அட்டையை மரத்தில் அடித்திருந்தார்கள். அதைக் கழற்றி என் வண்டியில் போட்டேன்.

வேறு யாராவது அந்தப் பக்கம் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று கேட்கிறீர்கள். நானும் யோசித்தேன். மேல் வளைவுக்கு அந்தச் சமயத்தில் ராய்ஸைத் தவிர யாரும் அதிகமாகப் போவதில்லை.

அன்று சாயங்காலமே அவனைப் பார்த்தேன். மேல் வளைவில் வெள்ளி சால்மன் மீன் குவிந்து கிடக்கிறது என்றேன். அது பொய் இல்லை. உண்மையாகவே கிடந்தது.

"நீ எப்பலேர்ந்துடா மீன் இருக்கற எடத்த அடுத்தவனுக்குச் சொல்ற ஆளா மாறுன?" என்று கேட்டான்.

"கூட வர்றேன்ல. பாதி எனக்கு."

"அப்படிச் சொல்லு. நான்கூட உனக்கு ஒடம்பு சரியில்லையோன்னு நெனச்சேன்."

மறுநாள் காலை என் வண்டியில்தான் போனோம். நல்ல வெளிச்சம், லேசான தூறல். ராய்ஸ் தன் ஸ்ப்ரே டப்பாவை சீட்டில் வைத்துவிட்டு நீர் பூட்ஸை மாட்டினான். நான் கோட்டைக் கழற்றி சீட்டில் போட்டேன். அது டப்பாவின் மேல் விழுந்து அதை மறைத்தது. வண்டிக்குள் கோட்டைப் போட வேறு இடம் இல்லை.

இல்லை. இருந்தது. நீங்கள் அப்படிப் பார்க்க வேண்டாம், நானே சொல்கிறேன். பின்சீட்டு முழுக்கக் காலியாக இருந்தது.

ஆனால் என் எண்ணம் என்ன என்பதை நீங்கள் புரிந்துகொள்ள வேண்டும். ராய்ஸ் சாக வேண்டும் என்று நான் ஒரு நாளும் நினைத்ததில்லை. அவனைக் காப்பாற்றுவதுதான் என் திட்டம். கரடி வரும், அவன் ஒன்பது மில்லியால் சுடுவான், அது நிற்காது. அப்போது நான் மேட்டின் மேலிருந்து பத்து மில்லியால் அதைச் சாய்ப்பேன். அவனுக்கு ஏதாவது காயம் படலாம். காலை இழுத்து இழுத்து நடக்க வேண்டி வரலாம். அடுத்த சனிக்கிழமை, இல்லை அதற்கடுத்த சனிக்கிழமை, என் கடை அடுப்புப் பக்கம் உட்கார்ந்து, எல்லார் முன்னாலும், வெர்ன் சொன்னதுதான் சரி என்று ஒரு வார்த்தை சொல்வான். அவன் நேர்மையானவன், சொல்லாமல் இருக்கமாட்டான். அவ்வளவுதான் நான் கேட்டது.

பிறகு நடந்ததாக நான் சொன்னது உங்களுக்குத் தெரியும். ராய்ஸ் மேகசின் காலியாகும் வரை சுட்டான், கரடி வந்துகொண்டே இருந்தது, அவன் தொடையைக் கவ்வி உலுக்கியது. நான் ஓடிவந்து பத்து மில்லியால் சுட்டதும் அங்கேயே விழுந்தது. அதற்குள் ராய்ஸுக்கு ரத்தம் போய்விட்டது. விசாரிக்க வந்தவர்கள் யாரும் என்னைச் சந்தேகப்படவில்லை. பிணத்துக்குப் பக்கத்தில் நின்று கரடித் தோலில் இருக்கிற துளைகளைப் பார்க்க யாருக்கும் மனசு வராது. சட்டப்படி தோலை உரித்து, தலையோடு அரசாங்கத்திடம் ஒப்படைக்க வேண்டும். நானே உரித்துக் கொடுத்தேன்.

இறுதிச் சடங்கில் பேசச் சொன்னார்கள். பேசினேன். உள்ளூர் வானொலியில் கேட்டார்கள், அதிலும் சொன்னேன். பிறகு துப்பாக்கிகளைப் பற்றி வீடியோ போடுகிற ஒருத்தர் கீழ் மாநிலம் ஒன்றிலிருந்து கேமராவோடு விமானம் ஏறி வந்தார். அவரை ஓடைக்கே அழைத்துப்போய் எந்த இடத்தில் என்ன நடந்தது என்று காட்டினேன். அதை எத்தனை லட்சம் பேர் பார்த்தார்கள் என்று அவர் சொல்லி நான் நம்பவில்லை. அதற்குப் பிறகு மொன்டானாவிலிருந்து கூப்பிடுகிறார்கள், ஐடஹோவிலிருந்து கூப்பிடுகிறார்கள். கண்காட்சிகளில் மேடை போட்டு உட்காரவைக்கிறார்கள். கம்பெனிகள் வரிசையாகப் பத்து மில்லியில் புதுத் துப்பாக்கி கொண்டுவந்தன. கெட்டிக் குண்டு வைத்து, கரடிக்கென்றே தோட்டா. ஆரிகனில் என்னைப் பார்த்துச் சிரித்தவர்களில் ஒருத்தன் என் கையெழுத்துக்கு வரிசையில் நின்றான். அவனுக்கு என்னை அடையாளம் தெரியவில்லை.

ராய்ஸ் சாவதற்கு முன்பே பத்து மில்லி திரும்ப வர ஆரம்பித்துவிட்டது என்கிறீர்கள். டெக்சஸில் காட்டுப்பன்றி வேட்டைக்காரர்கள் ஏற்கனவே அதற்கு மாறியிருந்தார்கள், புதுத் துப்பாக்கிகளில் உதையும் குறைந்திருந்தது, அவன் இல்லாவிட்டாலும் வந்திருக்கும் என்கிறீர்கள். கோரினும் அதைத்தான் சொன்னாள். எனக்கு அப்படி ஞாபகம் இல்லை. என் கடையில் அந்தக் கண்ணாடிப் பெட்டி அப்படியே இருந்தது. ராய்ஸுக்குப் பிறகுதான் காலியானது.

எனக்கு வருகிற கடிதங்களை நீங்கள் படிக்க வேண்டும். உங்கள் பேச்சைக் கேட்டு வாங்கினேன், இன்று என் மகன் உயிரோடு இருக்கிறான் என்று ஒரு அம்மா எழுதியிருந்தார். அதை நினைத்துக்கொண்டால் எனக்கு நன்றாகத் தூக்கம் வரும். ராய்ஸுக்கும் அதில் பங்கு உண்டு என்று எல்லா மேடையிலும் சொல்லியிருக்கிறேன்.

கோரின் போன வாரம் கடைக்கு வந்தாள். ஹோமர் நகரத்தில் ஒரு கால்நடை மருத்துவமனையில் வேலை பார்க்கிறாள். கையில் ஒரு துணிப்பை. கடையில் வேறு யாரும் இல்லை. பையிலிருந்து கரடி மண்டையோட்டை எடுத்து மேஜைமேல் வைத்தாள். அரசாங்கம் அந்த மாதிரித் தோல்களையும் மண்டையோடுகளையும் பிறகு ஏலம் விடும். அதை வாங்கினவர் யார் என்று விசாரித்து, தேடிப்போய் வாங்கியிருக்கிறாள்.

"எதுக்கும்மா இதெல்லாம்? பாத்தாலே மனசு கஷ்டமா இருக்குமே," என்றேன்.

"எங்க அப்பாவக் கொன்னது எப்படி இருந்துச்சுன்னு பாக்கணும்போல இருந்துச்சு மாமா. அவ்வளவுதான். கையில வச்சு ஆட்டுனேன், உள்ள என்னமோ உருண்டுச்சு. நாங்க நாய்க்கு எக்ஸ்ரே எடுப்போம்ல, அந்த மெஷின்ல வச்சுப் பாத்தேன்."

மூக்கின் பக்கவாட்டில் இருந்த ஒரு துளையில் சுண்டுவிரலை வைத்துக் காட்டினாள். பிறகு தன் உள்ளங்கையைத் திறந்தாள். அதில் ஒரு குண்டு.

"ஒம்போது மில்லி," என்றாள். "மூக்கு வழியா ஏறி மூளைக்குள்ள போய் நின்னிருக்கு. எங்க டாக்டர்கிட்ட கேட்டேன். இது உள்ள போனதுக்கப்புறம் கரடி இன்னொரு அடி எடுத்து வைக்காதுன்னு சொன்னாரு."

"கடைசி நேரத்துல பட்டிருக்கலாம்மா. அப்பவே நானும் சுட்டேன். ரெண்டும் ஒண்ணா நடந்திருக்கும்."

"உங்க குண்டு பட்டது தோள்லயும் நெஞ்சுலயும்னு நீங்கதான் வீடியோல சொல்லியிருக்கீங்க. ஓடிவந்த கரடிய நிறுத்துனேன்னு சொன்னீங்க. இத வாங்குன கரடி ஓடாது மாமா. அது அப்பா மேல கவுந்து கெடக்கும்போது அவரு அது மூக்குக்கு நேரா வச்சுச் சுட்டிருக்காரு. நீங்க வரும்போது அது செத்துப்போச்சு."

அவள் அழவில்லை, சத்தம் போடவில்லை. அவள் அப்பாவைப் போலவே தலையை ஒரு பக்கமாகச் சாய்த்துக்கொண்டு கேட்டாள்:

"ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. அப்பா உயிரோட இருந்தாரா?"

கெட்டிக்காரப் பெண். சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். அவளிடம் பதில் சொல்ல முடியவில்லை. அதனால்தான் அவள் உங்களிடம் வந்தாள், நீங்கள் என்னிடம் வந்தீர்கள். உங்களிடம் சொல்வது எளிதாக இருக்கிறது. நீங்கள் அவனைப் பார்த்ததில்லை.

இருந்தான்.

நான் மேட்டின் மேல் ஒரு ஸ்ப்ரூஸ் மரத்துக்குப் பின்னால் நின்றேன். மீனுக்குத் தூண்டில் கட்டிக்கொண்டு வருகிறேன், நீ முன்னால் போ என்று அனுப்பியிருந்தேன். அவன் பாட்டுப் பாடிக்கொண்டே புதருக்குள் போனான். சத்தம் கொடுத்துக்கொண்டே நட என்று மற்றவர்களுக்குச் சொன்னதை அவனும் கடைப்பிடிப்பான். கரடி எழுந்தது. உறுமவில்லை. நேராக வந்தது. நான் பத்து மில்லியை எடுத்துக் குறி வைத்துவிட்டேன். தூரம் அதிகமில்லை, பார்வையும் மறையவில்லை. அப்போதே சுட்டிருக்கலாம்தான். ஆனால் முதலில் ஒன்பது மில்லிக்கு அதன் வாய்ப்பைக் கொடுக்க வேண்டும் இல்லையா. இல்லாவிட்டால் எதுவும் நிரூபணமாகாது.

கரடி அவனைச் சாய்த்துத் தொடையில் கவ்வியது. அவன் கத்தியது கேட்டது. பிறகு துப்பாக்கிச் சத்தம், அடுத்தடுத்து. பிறகு ஒன்றும் இல்லை. தூறல் சத்தம் மட்டும்.

கீழே இறங்கிப் போனேன். கரடி குப்புறக் கிடந்தது. ராய்ஸ் அதன் அடியிலிருந்து காலை இழுத்துக்கொண்டு வெளியே வந்து பாறையில் சாய்ந்திருந்தான். முகம் வெளுத்திருந்தது. தொடையை இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்திருந்தான். விரல்களுக்கு நடுவில் ரத்தம் வந்துகொண்டிருந்தது. என்னைப் பார்த்துச் சிரித்தான், மேடம். அந்த நிலைமையிலும்.

"பாத்தியா," என்றான். "போதும்ல?"

நான் குனிந்து கரடியைப் பார்த்தேன்.

"சரி, அப்புறம் சண்டை போடலாம். உன் பெல்ட்டக் கழட்டு. இதுக்கு மேல இறுக்கிக் கட்டு. நல்லா இறுக்கு."

பெல்ட்டில் கை வைத்தேன். அதை நீங்கள் நம்ப வேண்டும். கொக்கியைக்கூட அவிழ்த்துவிட்டேன். ஆனால் கரடி நிஜமாகவே செத்துவிட்டதா என்று பார்க்க வேண்டும். செத்தது போலக் கிடந்து எழுந்த கரடிகள் உண்டு. யாராக இருந்தாலும் இன்னும் இரண்டு குண்டு போட்டுவிட்டுத்தான் மறுவேலை பார்ப்பார்கள். அதனால் பத்து மில்லியால் சுட்டேன். தோளில் ஒன்று, நெஞ்சில் ஒன்று, தலைக்கு ஒன்று. தலைக்குப் போக வேண்டியது கரடிக்கு அப்பால் மண்ணில் போய்ப் புதைந்தது.

ராய்ஸ் அதைப் பார்த்தான்.

"டேய் வெர்ன்," என்றான். வலியோடு சிரிப்பும் வந்து பேச முடியாமல் மூச்சு வாங்கினான். "செத்துக் கெடக்கற கரடியக்கூட உன்னால சுட முடியலயேடா."

அவன் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. அவன் அப்படித்தான். உயிர் போகிற நேரத்திலும் வேடிக்கை பேசுவான். பிழைத்தால் இதை அடுப்புப் பக்கம் எப்படிச் சொல்வான் என்று எனக்குக் கேட்டது. அவன் குரலில், கையை ஆட்டி, நான் சுட்டது போல நடித்துக் காட்டி. காபிக் கோப்பைகள் குலுங்கும். வாரம்தோறும் சொல்வான். அந்தக் கதை எனக்குப் பிறகும் இந்த ஊரில் இருக்கும்.

கொக்கியைத் திரும்ப மாட்டிக்கொண்டேன்.

அவனுக்கு எதிரில் ஒரு மரக்கட்டையில் உட்கார்ந்தேன். அவனுக்கு முதலில் புரியவில்லை.

"என்னடா உக்காந்துட்ட? தலை சுத்துதா? பெல்ட்டத் தூக்கிப் போடு, நானே கட்டிக்கிறேன்," என்றான்.

நான் அசையவில்லை. அவன் கண் என் பெல்ட்டில் மாட்டியிருந்த கொக்கிக்கு வந்தது. பிறகு அவனுக்குப் புரிந்தது என்று நினைக்கிறேன். ஸ்ப்ரே டப்பா எங்கே என்பதும் அப்போதுதான் அவனுக்கு விளங்கியிருக்கும். என்னைத் திட்டவில்லை. தன் சட்டையைக் கிழித்துக் கட்டப் பார்த்தான். விரல்கள் ஒத்துழைக்கவில்லை.

"கோரின்கிட்ட வலிக்கலன்னு சொல்லிரு," என்றான்.

சொன்னேன். இறுதிச் சடங்கன்று அதைத்தான் முதலில் சொன்னேன். நான் வாக்குத் தவறுகிறவன் இல்லை.

அவன் அடங்கியதும் அவன் துப்பாக்கியில் மீதியிருந்த தோட்டாக்களை ஓடைத் தண்ணீருக்குள் சுட்டுக் காலி செய்தேன். அப்போதுதான் கதை பொருந்தும். பிறகு வண்டிக்குப் போய் உதவிக்குக் கூப்பிட்டேன்.

இவ்வளவுதான். நான் கொன்றேன் என்று எழுத வேண்டுமானால் எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். கட்டியிருந்தால் பிழைத்திருப்பான், எனக்குத் தெரியும். போலீஸில் முதலுதவியும் நான்தான் சொல்லிக்கொடுத்தேன்.

அந்த மூன்றாவது குண்டைப் பற்றி மட்டும் ஒன்று சொல்ல வேண்டும். தூறலில் பாறையெல்லாம் பாசி. சுடும்போது என் இடது கால் வழுக்கியது. ராய்ஸ் அதைக் கவனிக்கவில்லை. என் கால்தான் வழுக்கியது, மேடம். எழுதும்போது அதைப் பத்து மில்லியின் குறையாக எழுதிவிடாதீர்கள்.